பதினான்காவது லேயர்

மைதீன் பிச்சை கொண்டுவந்தது
கோடு போட்ட தாளில், பேனாவால் எழுதிய
'சுரீர்' என்ற ஒரே சொல்,
அதைச் சுற்றி ஒரு முட்டை வட்டம்.
எலுமிச்சை சோடா. கம்பெனி மேலப்பாளையத்தில்.
கம்பெனி என்றால் ஒரு மிஷின், இரண்டு பேர், ஒரு டேங்க்.
"பாத்தவொடனே தண்ணி தவிக்கணும், பாத்துக்கிடுங்க.
பளபளன்னு இருக்கணும்."

பளபளப்பு பெரிய வித்தையில்லை.
அடியில் கரும்பச்சை, மேலே இளம்பச்சை,
நடுவில் கிரேடியன்ட் தன்பாட்டுக்கு வழுக்கி இறங்கும்.
எழுத்தின் மேல்பாதியில் வெள்ளையை ஊற்றி
ஒபாசிட்டியை முப்பதுக்குக் குறைத்தால்
கண்ணாடி வந்துவிடும்.
தமிழ் எழுத்து இதற்கென்றே வளைந்திருக்கிறது:
'சு'வின் வாலில் ஒரு மினுக்கம்,
'ரீ'யின் சுழியில் ஒரு மினுக்கம்.
கடைசி 'ர்' மேலிருந்த புள்ளியை மட்டும்
குமிழியாக்கி மிதக்கவிட்டேன்.
மைதீன் பிச்சை சிரித்துவிட்டார்.
"இப்ப இது சோடா."

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று
ஒவ்வொரு மினுக்கமும் கேட்கும்.
இடது மேல்மூலையில் ஒரு ஜன்னல் இருப்பதாக
வைத்துக்கொள்ள வேண்டும்.
நான்கு சட்டம் போட்ட ஜன்னல்; குமிழிமேல் வளைந்து விழும்.
வண்ணாரப்பேட்டையில் எங்கள் பிளக்ஸ் கடைக்கு ஜன்னல் கிடையாது.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒற்றை டியூப்லைட்டுக்குக் கீழே
எங்கேயும் இல்லாத அந்த ஜன்னலை
எத்தனை பாட்டிலுக்கு வரைந்திருக்கிறேன்.

பிறகு துளிகள். லேயர் பதினான்கு.
ஒன்று வரைந்தால் போதும், மற்றதெல்லாம் நகல்.
ஆனால் ஒரே அளவில் வைத்தால்
அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.
பெரிசு, சிறிசு, பக்கத்துத் துளியோடு சேர்ந்துகொண்டது,
கனம் தாங்காமல் வழியப்போவது ஒன்று.
வழியப்போவதுதான் கஷ்டம்.
அதற்கு மட்டும் ஒரு மணி நேரம்.

அன்றைக்கு இன்னொரு கோப்பும் திறந்து கிடந்தது.
கண்ணீர் அஞ்சலி, ஆறுக்கு நாலு.
ஆவுடையப்பன், ஐம்பத்து நாலு வயது,
பேட்டை லாரி ஷெட்டில் லோடுமேன்.
யார் கல்யாணத்திலோ பவுடர் அப்பி எடுத்த முகம்.
பின்னால் மேகம், கீழே இரண்டு குத்துவிளக்கு,
மகன் கேட்டதால் ரோஜாவும்.
மூன்று மணிக்குக் கரண்ட் போய்
யூபிஎஸ் கத்த ஆரம்பித்த அவசரத்தில்
துளிகளைக் காப்பி எடுத்தேன்.
எந்தக் கோப்பில் ஒட்டினேன் என்று பார்க்கவில்லை.

நெற்றியில் எட்டு. மேலுதட்டில் மூன்று.
காதோரம், வழியப்போகும் அந்த ஒன்று.

கண்ட்ரோல் இசட்டுக்கு விரல் போவதற்குள்
அவர் வீட்டம்மா பின்னால் நின்றிருந்தார்.
"அழிச்சிருங்கக்கா, சோடா பாட்டில் மாரி இருக்கு"
என்றான் மகன்.
அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி
திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார்.
"இருக்கட்டும்ல.
ஒங்கப்பா மூஞ்சி என்னைக்குல காஞ்சி கெடந்திச்சி?"
கொஞ்சம் நேரம் கழித்து, என்னிடம்:
"கழுத்துலயும் ரெண்டு வைக்க முடியுமாம்மா?"

வைத்தேன்.
துளிக்குள் இருந்த பச்சையை எடுத்தேன்.
ஒவ்வொன்றிலும் சின்னதாக அந்த ஜன்னல் இருந்தது,
அதையும் எடுத்தேன்.
வெட்டவெளியில் மூட்டை தூக்கினவர்.
துளிக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன்,
உச்சியில். உச்சி வெயில்தான்.
மகன் வெளியே போய் போன் பேசினான்.
பேனருக்கு அறுநூறு. ரோஜாவுக்குத் தனியாக வாங்கவில்லை,
துளிக்கும்.

சாயங்காலம் மைதீன் பிச்சை வந்து
எல்லாம் அருமை, துளி மட்டும்
இன்னுங் கொஞ்சம் போடுங்க என்றார்.

சித்திரையில் சுரீர் கடைக்கு வந்தது.
சமாதானபுரத்தில் ஒரு பெட்டிக்கடை,
வெயிலிலேயே அடுக்கியிருந்த கிரேடு.
பிரஸ்ஸில் பச்சை ஒரு நூல் விலகி
குமிழி வட்டத்துக்கு வெளியே போயிருந்தது.
"கூலிங் இல்ல, பரவால்லியா?" என்றார் கடைக்காரர்.
பாட்டில் கையைச் சுட்டது.
தெரிந்துதான்,
பெருவிரலால் ஒருதரம் லேபிளைத் துடைத்தேன்.